பத்தாயிரம் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர்

சித்திரைப் புத்தாண்டு மலருக்கு இந்த நாட்டுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். டென்மார்க் என்றவுடன் எங்கட பிள்ளையள் கதை எழுதின அன்டர்சனைச் சொல்லுவினம். கொஞ்சம் வளர்ந்ததுகள் அணுவை ஆராய்ந்த நீல்ஸ் போரைச் சொல்லுவினம். இவர்களைப் பற்றி இங்கே பாடசாலையிலேயே படிப்பிக்கிறார்கள். ஊரில் விலங்கியல் படிப்பித்தவன் என்ற முறையில் நான் வேறொருவரைத் தெரிவு செய்தேன். அவர் இறந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் எங்கட வளவில் மாமரத்தில் ஏறினவனைக் கடித்து விரட்டின முசுறுக்கும், மரப்பொந்தில் தேன் வைத்த தேனீக்கும் உலகம் முழுக்க வழங்குகிற விஞ்ஞானப் பெயரைக் கொடுத்தவர் அவர்தான். யொஹான் கிறிஸ்தியான் பப்ரீசியுஸ் என்பது அவர் பெயர்.

பப்ரீசியுஸ் என்றதும் கிறிஸ்தவக் குடும்பத்தார் தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரீசியுஸ் ஐயரை நினைப்பீர்கள். அவர் யொஹான் பிலிப் பப்ரீசியுஸ், ஜேர்மன்காரர், சென்னையில் வாழ்ந்த மதகுரு. இவர் வேறு ஆள். ஆனால் இவருக்கும் தமிழ் மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

எங்களில் கனபேர் யூலன்ட் பகுதியில்தான் இருக்கிறோம். யூலன்டின் தெற்கு மூலையில், ஜேர்மன் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டினம் இருக்கிறது. எழுத்தைப் பார்த்து வாசித்தால் தொண்டர் என்று வரும். டெனிஷ்காரர் தொனர் என்பது போலச் சொல்லுவினம். அந்த ஊரில் 1745ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி, ஒரு வைத்தியருடைய மகனாகப் பப்ரீசியுஸ் பிறந்தார்.

அந்தப் பகுதி அப்போது சிலேஸ்விக் என்ற சிற்றரசுக்குள் இருந்தது. டென்மார்க் மன்னர்தான் அதற்கும் தலைவர். 1864இல் நடந்த யுத்தத்தில் அது கைவிட்டுப் போய் ஜேர்மனியோடு சேர்ந்தது. 1920இல் சனங்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அதன் வடபகுதியைத் திரும்ப டென்மார்க்கோடு இணைத்தார்கள். அதனால் இவர் டெனிஷ்காரரா ஜேர்மன்காரரா என்று இன்றைக்கும் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடுகிறார்கள். ஆள் ஓரிடத்தில் நிற்க எல்லைக்கோடு அங்குமிங்கும் நகருகிற கதை எங்களுக்குப் புதிதில்லை.

1762இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே வருஷம் சொந்தக்காரரும் நண்பருமான சோவேகா என்பவரோடு சுவீடனுக்கு வெளிக்கிட்டார். அங்கே உப்சலாவில் கார்ல் லின்னேயுஸ் என்ற பேராசிரியர் படிப்பித்துக் கொண்டிருந்தார். செடி, கொடி, மிருகம், பூச்சி எல்லாவற்றுக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டினவர் இந்த லின்னேயுஸ்தான். முதற்சொல் பேரினத்தைக் காட்டும், இரண்டாவது சொல் அந்த உயிருக்கே உரியது. நாங்கள் முன்னுக்குத் தகப்பன் பெயரையும் பின்னுக்குச் சொந்தப் பெயரையும் எழுதுகிற மாதிரித்தான். இங்கே வந்து விண்ணப்பப் பத்திரங்களில் அது தலைகீழாய்ப் போய் நாங்கள் பட்ட பாடு வேறு கதை.

இரண்டு வருஷம் பப்ரீசியுஸ் லின்னேயுஸிடம் படித்தார். அது வகுப்பறைப் படிப்பு மட்டுமில்லை. மாரிகாலத்தில் மாணவர்கள் ஆசிரியரின் வீட்டுக்கு எதிரே குடியிருந்தார்கள். சிவப்பு அங்கியும் பச்சைத் தொப்பியுமாக, கையில் புகைக்குழாயோடு ஆசிரியர் தெருவைக் கடந்து வருவார். அரைமணி நேரம் என்று வந்து கனநேரம் இருந்து கதைப்பார். கோடையில் எல்லாரும் நாட்டுப்புறத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் தங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கமக்காரன் ஒருவனின் களஞ்சியத்தில் பாட்டும் கூத்தும் நடக்கும். ஐரோப்பாவின் மிகப்பெரிய விஞ்ஞானியிடம் குருகுலம் மாதிரி இருந்து படிக்கும் பாக்கியம் பதினேழு வயதுப் பெடியனுக்குக் கிடைத்தது. ஆசிரியர் செடிகளைக் கரைத்துக் குடித்தவர். சீடன் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டார்.

வாயைப் பார்த்து வகுத்தார்

ஊருக்குத் திரும்பின பிறகு பல தேசம் சுற்றினார். முக்கியமாக லண்டன். உலகம் முழுக்கக் கப்பல் ஓட்டின நாடு என்பதால் அங்கேயுள்ள செல்வந்தர்களின் வீடுகளில் தூரதேசத்துப் பூச்சிகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. கப்டன் குக்குடன் 1768 முதல் 1771 வரை உலகைச் சுற்றிவந்த ஜோசப் பாங்ஸ் என்பவர் தன்னுடைய சேகரிப்பை இவருக்குத் திறந்து விட்டார். அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஐரோப்பியர் கொண்டுவந்த முதல் பூச்சிகளை விவரித்து எழுதினவர் பப்ரீசியுஸ்தான்.

லின்னேயுஸ் பூச்சிகளைச் சிறகைப் பார்த்து வகுத்தார். சீடன் வாயைப் பார்த்தார். நுளம்பின் வாய் ஊசி. வண்ணத்துப்பூச்சியின் வாய் சுருட்டி வைத்த குழாய். கரப்பானின் வாய் கத்தரிக்கோல். வாயைப் பார்த்தால் என்ன தின்கிறது என்று தெரியும். என்ன தின்கிறது என்று தெரிந்தால் எப்படிச் சீவிக்கிறது என்று தெரியும். இன்றைக்கு எங்களுக்கு இது சாதாரணமாகப் படலாம். அந்த நாளில் அதைக் கண்டு, அதன்படி ஆயிரக்கணக்கான பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மிகச் சிறிய வாயுறுப்புகளைப் பார்த்துப் பிரித்து வைப்பதென்றால் சும்மா வேலையில்லை.

1775இல் அவருடைய முதல் பெரிய நூல் வந்தது. 1792 முதல் 1794 வரை அடுத்த பெரிய நூலை பல பாகங்களாக எழுதினார். 1798இல் அதற்கு ஒரு சேர்க்கை நூல். சாகும் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவர் பெயர் வைத்த பூச்சியினங்கள் 9,776. அவருடைய குருவானவர் பெயர் வைத்தது ஏறக்குறைய 3,000தான்.

1770இல் கோப்பன்ஹேகனில் பேராசிரியராக நியமனம் கிடைத்தது. 1775இல் கீல் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். கீல் இப்போது ஜேர்மனியில் இருக்கிறது, அப்போது டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. இயற்கைச் சாலை ஒன்று அமைத்துத் தருவோம், தாவரத் தோட்டம் தருவோம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். சொன்னபடி ஒன்றும் நடக்கவில்லை. வெறுத்துப்போய் வேலையை விடப் பலதடவை பார்த்தார். அவருடைய மாணவர்கள் மன்னரிடம் மன்றாடி அவரை நிற்பாட்டினார்கள். பூச்சி மட்டுமில்லை, பொருளாதாரமும் அங்கே படிப்பித்தார். அவர் மனைவி அன்னா செசிலியா ஒரு எழுத்தாளர். இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு பெண். அந்தப் பெண்பிள்ளை பாரிஸில் ஒரு விபத்தில் செத்துப் போனாள். தாய் தகப்பனுக்கு அது ஆறாத துக்கம்.

தரங்கம்பாடியும் எங்கட பூச்சிகளும்

தமிழ்நாட்டில் தஞ்சாவூர்க் கரையில் இருக்கிற தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்கின் கையில் இருந்தது. அங்கே 1768இல் யொஹான் கெர்ஹார்ட் கேனிக் என்ற வைத்தியர் போய்ச் சேர்ந்தார். அவரும் லின்னேயுஸின் மாணவர். வைத்தியம் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செடியும் பூச்சியும் சேர்த்தார். எங்கட கறையானைப் பற்றி 1779இல் ஒரு கட்டுரையே எழுதினார். 1785இல் இந்தியாவிலேயே கண்மூடினார். அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பின பூச்சிகள் பல பப்ரீசியுஸின் மேசைக்கு வந்தன. பப்ரீசியுஸின் நூல்களில் எத்தனையோ பூச்சிகளின் இருப்பிடம் என்று தரங்கம்பாடியின் பெயர் அச்சாகி இருக்கிறது. வயலிலும் வேலியோரத்திலும் அவற்றைப் பிடித்துக் கொடுத்ததில் தமிழ்ச் சனத்துக்கும் பங்கிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அவர்களின் பெயர் புத்தகத்தில் இல்லை.

எங்களுக்குத் தெரிந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறுக்கு 1775இல் மரகதம் என்று பொருள்படும் ஸ்மரக்டினா என்ற பெயரைக் கொடுத்தார். ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று வளரும், கறுப்பில் சிவப்புப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சிக்கு அதே வருஷம் அந்தச் செடி வகையின் பெயரையே வைத்தார். வீட்டுச் சுவரில் மண்ணால் கூடு கட்டும் குளவிக்கு 1781இல் சென்னைப் பட்டினத்தின் பெயரைச் சேர்த்து மட்ராஸ்பட்டனும் என்றார். பற்றைக் கொப்பில் சின்னதாய் ஒற்றை அடை கட்டும் தேனீக்கு 1787இல் பெயரிட்டார். மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் தேனீக்கும், மலைப்பாறையில் பெரிய அடை தொங்கவிடும் தேனீக்கும் 1793இல் பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் முதற்சொற்கள் சிலவற்றை மாற்றினார்கள். அவர் வைத்த இரண்டாவது சொல் அப்படியே நிற்கிறது.

ஒரு தீவும் ஒரு பெரிய பூச்சியும்

1798இல் வந்த சேர்க்கை நூலில் ஒரு பூச்சி இருக்கிறது. இந்தக் கட்டுரையை நான் எழுத முக்கிய காரணம் அதுதான். டென்மார்க்கில் கல்லைப் புரட்டினால், பூச்சாடியைத் தூக்கினால், பின்பக்கம் இடுக்கி வைத்த மண்ணிறப் பூச்சி ஒன்று ஓடும். ஓரன்ட்விஸ்ட் என்று பிள்ளையள் சொல்லுவினம். காதுக்குள் போய்விடும் என்று இங்கத்தைய சனமும் பயப்படுத்தும். அது ஒன்று ஒன்றரைச் சென்ரிமீற்றர் இருக்கும். அதே வகையில் ஒன்று, அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவில் உள்ள சென்ட் ஹெலினா தீவிலிருந்து வந்தது. இடுக்கியோடு சேர்த்து 8 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடியது. உலகத்தில் அந்த வகையில் அதைவிடப் பெரியது கிடையாது. கிரேக்கக் கதைகளில் வரும் பலசாலியான ஹெர்குலிஸின் பெயரைப் பப்ரீசியுஸ் அதற்கு வைத்தார். தமிழன் வைத்திருந்தால் பீமன் என்று வைத்திருப்பான்.

நெப்போலியனைச் சிறை வைத்த தீவு என்றால் எல்லாருக்கும் தெரியும். அவன் அங்கே 1815இல்தான் போனான், பூச்சிக்குப் பெயர் வைத்துப் பதினேழு வருஷம் கழித்து. தீவின் பரப்பு 122 சதுர கிலோமீற்றர், எங்கட பக்கத்திலுள்ள சம்ஸோ தீவைவிடச் சற்றுப் பெரிது. ஆபிரிக்கக் கரை ஏறக்குறைய 1,900 கிலோமீற்றர் தூரத்தில்.

பெயர் வைத்தவருக்கு அதன்பிறகு பத்து வருஷம்தான் ஆயுள். கடைசிக் காலத்தில் ஒவ்வொரு வருஷமும் கொஞ்ச நாள் பாரிஸில் இருந்து அங்கேயுள்ள விஞ்ஞானிகளோடு வேலை செய்தார். 1807 செப்டெம்பரில் ஆங்கிலேயக் கடற்படை கோப்பன்ஹேகனைக் குண்டு போட்டு எரித்தது. சனங்கள் குடியிருந்த தெருக்கள் எரிந்தன, நடுப்பட்டினத்துத் தேவாலயம் எரிந்து விழுந்தது. லண்டனில் எத்தனையோ வருஷம் நண்பர் வீடு போலப் போய்வந்த மனிசனுக்கு அந்தச் செய்தி பாரிஸில் வைத்துக் கிடைத்தது. உடனே கீலுக்குத் திரும்பினார். அந்தக் கவலையில் உடம்பு விழுந்துவிட்டது. 1808 மார்ச் 3ஆம் திகதி, 63 வயதில் இறந்தார். வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்த ஊர் எரிகிற செய்தியைக் கேட்பது மனிசனை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெயர் மிஞ்சியது, பூச்சி மிஞ்சவில்லை

சென்ட் ஹெலினாப் பூச்சியை அதன் பிறகு உலகம் மறந்துபோனது. 1962இல் பறவை ஆராயப் போன இரண்டு பேர் காய்ந்து கிடந்த பெரிய இடுக்கி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். 1965 முதல் 1967 வரை பெல்ஜியத்து விஞ்ஞானிகள் தீவுக்குப் போனார்கள். தீவின் கிழக்குப் பக்கத்து வரண்ட வெளியில், கல்லுக்குக் கீழே, ஆழமான வளைகளில் உயிரோடு அவற்றைக் கண்டார்கள். மழை பெய்தால் இரவில் வெளியே வரும். 1967க்குப் பிறகு ஒருவரும் அதை உயிரோடு கண்டதாக உறுதியில்லை. 1982இல் தீவு அரசாங்கம் அதன் படத்தைப் போட்டு முத்திரை வெளியிட்டது. 1988இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் இருந்து தேடிப் போனார்கள். பிறகும் பலமுறை தேடினார்கள். செத்த துண்டுகள்தான் கிடைத்தன. 2014இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் அது முற்றாக அழிந்துவிட்டது என்று பதிந்தது.

யார் கொன்றது? ஒருவரும் வேண்டுமென்று கொல்லவில்லை. வீடு கட்டக் கல் வேண்டுமென்று அந்த வெளியின் மேற்கல்லை அள்ளினார்கள். அந்தக் கல்தான் அதற்குக் கூரை. கப்பலோடு வந்த எலி, சுண்டெலி, மட்டத்தேள் வகைப் பூரான் எல்லாம் மிஞ்சினதைத் தின்றன. இவ்வளவுதான் கதை.

தீவு என்றால் எல்லாத் தீவும் ஒன்றில்லை. எங்கட இலங்கை பழைய காலத்தில் கடல் வற்றியபோதெல்லாம் இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. அங்கிருந்து இங்கே நடந்தும் ஊர்ந்தும் வர வழி இருந்தது. சென்ட் ஹெலினா, ஹவாய், மதெய்ரா, கனாரித் தீவுகள் அப்படியில்லை. அவை கடலுக்கு அடியிலிருந்து எரிமலை கக்கி எழுந்தவை. ஒருநாளும் ஒரு கரையோடும் சேராதவை. காற்றில் அடிபட்டோ மரக்கட்டையில் மிதந்தோ தப்பித்தவறி வந்த ஒன்றிரண்டு பூச்சிகளின் சந்ததிதான் அங்கே பல இலட்சம் வருஷமாகப் பெருகி, வேறெங்கும் இல்லாத இனங்களாக மாறியது.

அந்தத் தனிமை பூச்சியின் குணத்தையே மாற்றிவிடும். பறந்து தப்பவேண்டிய எதிரி குறைவு, பறந்தால் காற்று கடலுக்குள் தள்ளிவிடும். அதனால் சிறகு குறுகிப் போகும். மதெய்ராத் தீவில் வண்டினங்கள் 550ஐ ஆராய்ந்தபோது அதில் 200 பறக்க ஏலாதவை என்று கண்டார்கள். டார்வின் தன் நூலில் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆயிரக்கணக்கான வருஷம் கதவில்லாமல் வாழ்ந்த வீட்டுக்குள் ஒருநாள் எலி வந்தால் எப்படி இருக்கும்? கண்டத்தில் வாழும் பூச்சிக்கு ஒரு காடு போனால் அடுத்த காடு இருக்கும். தீவுப் பூச்சிக்கு அடுத்தது கடல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1793இல் பப்ரீசியுஸ் மொறீசியஸ் தீவிலிருந்து வந்த ஒரு சின்ன எறும்புக்குப் பெருந்தலை என்று பொருள்படும் பெயரை வைத்தார். அதில் போர்வீர எறும்புகளுக்கு உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. அதன் பூர்வீகம் ஆபிரிக்கா என்று நம்புகிறார்கள். மண்ணிலும் செடிச்சாடியிலும் ஒளித்துக்கொண்டு கப்பலேறி அது உலகத்தின் வெப்பத் தீவுகள் பலவற்றுக்குப் போய்விட்டது. ஹவாய்த் தீவில் மனிசர் கொண்டுபோகும் வரைக்கும் எறும்பே இல்லை. 1892 முதல் அங்கே பூச்சி சேர்த்த பேர்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், இந்தப் பெருந்தலை எறும்பு நுழைந்த தாழ்நிலத்தில் சுதேச வண்டுகளைக் காணமுடியவில்லை என்று 1913இல் எழுதினார். ஹவாயின் சுதேசத் தேனீக்களில் ஏழு இனத்தை 2016இல் அமெரிக்க அரசு அழியும் ஆபத்திலுள்ளவை என்று சட்டப்படி அறிவித்தது. அவற்றின் எதிரிகளில் வந்தேறிய எறும்புகளும் உண்டு. அழிந்த பீமனுக்கும் அழிக்கிற எறும்புக்கும் பெயர் வைத்தது ஒரே கை. அந்தக் கைக்கு இது ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தில் சிலருக்கு மனம் உறுத்தும். வந்தேறி என்ற சொல் எங்களையும் சுட்டுப் பேசப்படுகிற சொல். பத்திரிகையில் அன்னிய எறும்பு, அன்னிய செடி என்று வாசிக்கும்போது எனக்கும் உறுத்துவதுண்டு. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. மனிசர் எல்லாரும் ஒரே இனம். போன இடத்தில் அயலாரோடு கதைத்து, பாஷை படித்து, சட்டம் அறிந்து வாழக்கூடியவர்கள். எறும்புக்கு அது ஏலாது. அது தானாக வரவுமில்லை, சாமானோடு சாமானாக மனிசர் ஏற்றிக்கொண்டு போனது. பிழை எறும்பிலில்லை, சாமானைப் பார்க்காமல் ஏற்றினதில்தான். எலியையும் எறும்பையும் தடுக்கவேண்டும் என்று சொல்கிறவன் அகதியைத் தடுக்கச் சொல்லவில்லை. அகதியைத் தடுக்க எறும்பை உதாரணம் காட்டுகிறவனுக்கு விலங்கியலும் தெரியாது, மனிசத்தன்மையும் தெரியாது.

நம்பிக்கை தரும் ஒரு சங்கதியும் உண்டு. அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லோர்ட் ஹவ் என்ற தீவில் கைநீளத்துக்கு வளரும் கறுத்தத் தடிப்பூச்சி ஒன்று இருந்தது. 1918இல் மக்கம்போ என்ற கப்பல் அங்கே தரைதட்டியது. கப்பலிலிருந்த எலிகள் கரையேறின. சில வருஷத்துக்குள் பூச்சியைக் காணவில்லை. அழிந்தது என்றே எல்லாரும் முடிவு செய்தார்கள். 2001இல், 23 கிலோமீற்றருக்கு அப்பால் கடலுக்குள் ஊசி மாதிரி நிற்கும் ஒரு கற்பாறையில், ஒரு பற்றைக்குக் கீழே 24 பூச்சிகளைக் கண்டுபிடித்தார்கள். 2003இல் இரண்டு சோடியைக் கொண்டுவந்தார்கள். மெல்பேர்ண் மிருகக்காட்சிச்சாலையில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. 2019இல் தீவின் எலிகளை ஒழிக்கும் பெரிய வேலையைச் செய்தார்கள். ஒரு பற்றை மிஞ்சியிருந்ததால் ஒரு இனம் மிஞ்சியது. சென்ட் ஹெலினாவிலும் வேறெங்குமில்லாத சிற்றுயிர்கள் இன்னும் நானூறுக்கு மேல் இருக்கின்றன. அவற்றைக் காக்கத் தீவுச் சனம் இப்போது பாடுபடுகிறது.

எங்களுக்கு என்ன

பப்ரீசியுஸ் பார்த்த பூச்சிகளில் ஒரு பகுதி இன்றைக்கும் கோப்பன்ஹேகனில், டென்மார்க் இயற்கை வரலாற்று நூதனசாலையின் சேகரிப்பில் ஊசியில் குத்தியபடி பத்திரமாக இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து வந்தவையும் அதில் உண்டு. அந்த மனிசன் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தார். பெயர் வைக்காவிட்டால் ஒன்று இருந்தது என்றே எங்களுக்குத் தெரிந்திராது. தெரியாததை இழந்தோம் என்று அழவும் ஏலாது. ஆனால் பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் அவருடைய பீமப்பூச்சியே சாட்சி. 169 வருஷம் அதற்குப் பெயர் இருந்தது. பெயர் புத்தகத்தில் கிடக்க, அதன் தலைக்கு மேலிருந்த கல்லை லொறியில் ஏற்றினார்கள். மரத்துக்கும் ஊருக்கும் பாஷைக்கும்கூட இந்த விதிதான். புத்தகத்தில் பேர் இருப்பது வேறு, உயிரோடு இருப்பது வேறு.

எங்களால் செய்யக்கூடியதும் உண்டு. கோடை விடுமுறைக்கு இப்போது எங்கட குடும்பங்கள் கனாரித் தீவுக்கும் மதெய்ராவுக்கும் போகின்றன. சிலருக்கு மொறீசியஸிலும் ரியூனியனிலும் உறவு இருக்கிறது. ஊரிலிருந்து வரும்போது கறிவேப்பிலைக் கன்று, முருங்கைத் தடி, மல்லிகைப் பதியம் என்று ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. அந்த ஆசையை நான் பழிக்கமாட்டேன். ஆனால் அந்த வேர்மண்ணுக்குள் ஒரு எறும்பு ராணி இருந்தால் போதும். டென்மார்க்கில் குளிர் அதைக் கொன்றுவிடலாம், வெப்பத் தீவில் கொல்லாது. 2019 டிசெம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து கன்று கொண்டுவருவதென்றால் அந்த நாட்டுத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்ற சட்டமும் வந்திருக்கிறது. விதையும் அதற்குள் அடங்கும். சப்பாத்து அடியிலுள்ள மண்ணைத் தட்டிவிட்டுப் பிளேனில் ஏறுவது காசு செலவில்லாத புண்ணியம்.

பெரியவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். முசுறு, கறையான், ஈசல், மின்மினி, குளவி, தும்பி என்று நாங்கள் அறிந்த பெயர்களை இங்கே பிறந்த பிள்ளையளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளையள் டெனிஷில் சொல்லும் பெயர்களை நீங்களும் கேட்டுப் பழகுங்கள். சித்திரை பிறக்கிற நேரம் இந்த நாட்டில் பனி விலகிப் பூச்சிகளும் வெளியே வருகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுங்கள். பார்த்து முடிந்தவுடன் கல்லை இருந்த மாதிரியே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே ஒரு குடும்பம் இருக்கிறது.